குட்டை அல்பெர்ட்டா ஸ்புரூஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூம்பு வடிவில் அடர்த்தியாக வளரும் இந்தச் சிறிய ஊசியிலை மரத்தைப் பற்றி வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: "நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று பழுப்பாகிவிட்டது." உண்மையில் அது திடீரென்று ஆவதில்லை. ஊசியிலை மரங்கள் பாதிப்பை மிகவும் தாமதமாக வெளியே காட்டும். இன்று கண்ணில் படும் பழுப்புக்குக் காரணம் சில வாரங்களுக்கு முன்னாலோ, சில மாதங்களுக்கு முன்னாலோ நடந்திருக்கும். கீழே உள்ள பதில்களை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இது எந்த வகை மரம்?

வட அமெரிக்காவின் குளிர்க்காடுகளில் வளரும் வெள்ளை ஸ்புரூஸ் மரத்தின் குட்டை வடிவம் இது. தாவரவியல் பெயர் பிசியா கிளௌக்கா, ரகத்தின் பெயர் 'கோனிகா'. 1904-இல் கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில், இப்போது லூயிஸ் ஏரி என்று சொல்லப்படும் இடத்துக்கு அருகே, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அர்னால்டு தாவரப் பூங்காவைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரேடரும் ஜான் ஜாக்கும் இதைக் கண்டெடுத்தார்கள். இன்று விற்கப்படும் 'கோனிகா' செடிகள் அந்த மூலத்திலிருந்து குச்சி எடுத்தும் ஒட்டுக்கட்டியும் பெருக்கப்பட்டவை.

"குட்டை" என்றால் கடைசி வரை குட்டையாகவே இருக்குமா?

இல்லை. மெதுவாக வளரும், அவ்வளவுதான். அமெரிக்க ஊசியிலை மரச் சங்கத்தின் வகைப்பாட்டில் ஆண்டுக்கு 2.5 முதல் 15 செ.மீ. வரை வளர்பவை குட்டை ரகம், 2.5 செ.மீ.க்கும் குறைவாக வளர்பவை மிகச்சிறு ரகம். கோனிகா ஆண்டுக்கு 5 முதல் 10 செ.மீ. வளரும். முழங்கால் உயரச் செடியாக வாங்கியது பத்து ஆண்டுகளில் மார்பு உயரத்தைத் தாண்டிவிடும். முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆனால் 3 முதல் 4 மீட்டர் உயரமும், அடியில் ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலமும் வரும். ஜன்னலுக்குக் கீழேயும் நடைபாதை ஓரத்திலும் நட்டுவிட்டுப் பின்னால் வெட்டவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் தவிப்பவர்கள் நிறைய. உண்மையிலேயே சிறியதாக வேண்டும் என்றால் 'லாரின்', 'நோம்', 'ஜீன்ஸ் டில்லி' போன்ற இன்னும் மெதுவான ரகங்களைக் கேட்டு வாங்குங்கள்.

வெப்பமான இடத்தில் வளருமா?

இதற்குக் குளிர்காலம் வேண்டும். மண்ணில் வேரூன்றிய செடி மைனஸ் 35 டிகிரி செல்சியஸையும் தாங்கும். ஆனால் இரவிலும் புழுக்கம் குறையாத கோடையைத் தாங்காது. ஆண்டில் சில மாதங்களாவது நல்ல குளிரில் உறங்காவிட்டால் அடுத்த தளிர் சரியாக வராது. உறைபனியே இல்லாத சமவெளியில் இதை வைத்தால் முதல் ஆண்டு பச்சையாக நிற்கும், இரண்டாம் ஆண்டு மெலியும், அதற்கு மேல் தேறாது. குளிர்ச்சியான மலைப்பகுதி என்றால் முயலலாம். சூடான இடத்தில் இதே தோற்றம் வேண்டுமென்றால் கீழை நாட்டுத் துயா எனப்படும் பிளாட்டிகிளாடஸ் குட்டை ரகங்களும், சீன ஜூனிப்பர் ரகங்களும் வெப்பத்தை எவ்வளவோ நன்றாகத் தாங்கும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வெளிப்பச்சையைப் பார்த்து ஏமாற வேண்டாம். கிளைகளை விரலால் விலக்கி உள்ளே பாருங்கள். அடித்தண்டை ஒட்டிக் கொஞ்சம் காய்ந்த ஊசிகள் இருப்பது இயல்பு. ஆனால் நுனியிலிருந்து நான்கைந்து செ.மீ. ஆழத்திலேயே வெறுமையாக இருந்தால் அந்தச் செடி வேண்டாம். ஊசியின் சாற்றை உறிஞ்சும் நுண்ணிய சிலந்திப்பேன் இருக்கிறதா என்று ஒரு கிளையை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள் (எப்படி என்பது சிலந்திப்பேன் பகுதியில்). பிறகு தொட்டியைக் கையில் தூக்குங்கள். அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருந்தால் தாய்மண் (தொட்டியில் வேரைச் சுற்றியுள்ள மண்கட்டி) காய்ந்து கிடக்கிறது என்று பொருள். முடிந்தால் தொட்டியைக் கழற்றி வேரைப் பாருங்கள்: நுனி வெளுப்பாக இருந்தால் நல்லது, கறுத்து, தோல் உரிந்து, கெட்ட வாடை அடித்தால் அழுகல்.

எந்த இடத்தில் நடுவது?

நாளுக்கு ஆறு மணி நேர வெயிலும், தடையில்லாத காற்றோட்டமும் உள்ள இடம். கோடை கடுமையான ஊர்களில் பிற்பகல் நிழல் கிடைத்தால் இன்னும் நல்லது.

தவிர்க்க வேண்டிய இடங்களைச் சொல்வதுதான் முக்கியம். வெயில் விழும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நடாதீர்கள். சுவரிலிருந்து திரும்பும் வெப்பம் செடியின் ஒரு பக்கத்தைச் சுடும், சிலந்திப்பேனுக்கும் அந்த வறண்ட மூலை பிடிக்கும். வேலியையோ இன்னொரு செடியையோ ஒட்டி நட்டால் தொடும் பக்கம் வெளிச்சமில்லாமல் மொட்டையாகும். அந்த மொட்டை பிறகு எளிதில் மறையாது. சுற்றிலும் குறைந்தது ஒரு மீட்டர், முடிந்தால் ஒன்றரை மீட்டர் விடுங்கள். பனியை உருக்க உப்பு தூவும் சாலையோரமும், நாய்கள் வழக்கமாகக் காலைத் தூக்கும் முனைகளும் ஆகாது. தரையை ஒட்டி ஒரே பக்கத்தில் மட்டும் கருகினால் நோயைத் தேடும் முன் நாயை நினையுங்கள்.

மண் எப்படி இருக்க வேண்டும்?

லேசான அமிலத்தன்மை, அதாவது பி.எச். 5.5 முதல் 7 வரை. அதைவிட முக்கியம் வடிகால். இதைச் சோதிக்க 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி, முழுவதும் வடிந்த பின் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு 2.5 செ.மீ.க்கும் குறைவாக இறங்கினால் அந்த மண்ணில் வேர் மூச்சுத் திணறும். அங்கே குழிக்குள் மணலைக் கலப்பது பயன் தராது. களிமண் நடுவே ஒரு கிண்ணம் செய்து தண்ணீரைத் தேக்கிவைத்தது போலாகும். அகலமாக 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மேடு எழுப்பி அதன் மேல் நடுவதே வழி.

சரியாக நடுவது எப்படி?

வசந்தத்தின் தொடக்கமோ, இலையுதிர்காலத்தின் முற்பகுதியோ ஏற்ற காலம். இலையுதிர்காலத்தில் நட்டால் மண் உறைவதற்கு முன் ஆறு வாரமாவது வேர்விட இடைவெளி இருக்க வேண்டும்.

முந்தின நாளே தொட்டிச் செடியை நன்றாக நனைத்து வையுங்கள். குழியின் ஆழம் தாய்மண்ணின் உயரத்துக்குச் சரியாக இருக்கட்டும், அகலம் இரண்டு மூன்று மடங்கு. ஆழமாகத் தோண்டிவிட்டு அடியில் மண்ணைத் தள்ளி நிரவினால் செடி சில மாதங்களில் கீழே இறங்கி, அடித்தண்டு மண்ணுக்குள் புதைந்துவிடும். தொட்டியைக் கழற்றியதும் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வேர்களைப் பாருங்கள். மெல்லியவற்றை விரலால் பிரித்து விடுங்கள். பென்சில் தடிமனுள்ளவற்றைக் கத்தியால் இரண்டு மூன்று இடங்களில் மேலிருந்து கீழாக அறுத்து விடுங்கள். இதைச் செய்யாமல் நட்ட செடியைச் சில ஆண்டுகள் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால் வேர் இன்னும் தொட்டியின் வடிவிலேயே இருக்கும்.

சாக்குத்துணி சுற்றி வந்த செடி என்றால் குழியில் நிறுத்திய பிறகு மேல்பாதித் துணியையும், கம்பியையும், கயிற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள். அடித்தண்டைச் சுற்றிய நைலான் கயிறு ஒன்று போதும், மரத்தின் கழுத்தை நெரிக்க.

வேர் பிரியத் தொடங்கும் இடம் தரை மட்டத்துக்குத் தெரிய வேண்டும். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு, பாதியில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் நீர் விட்டுக் காற்றுப்பையை அடக்குங்கள். குழிக்குள் உரம் வேண்டாம். மேலே மரப்பட்டைத் துண்டு அல்லது சருகு மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. போடலாம், ஆனால் அடித்தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும்.

எவ்வளவு தண்ணீர்?

நட்ட முதல் ஆண்டில் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, ஆழமாக. 20 லிட்டர் தொட்டியிலிருந்து வந்த செடிக்கு ஒரு தடவைக்கு 8 முதல் 10 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கை நம்புவதைவிட விரலை நம்புங்கள்: 5 செ.மீ. ஆழம் வரை காய்ந்திருந்தால் விடுங்கள், ஈரமிருந்தால் விடாதீர்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. நர்சரித் தொட்டியில் இருப்பது மரப்பட்டையும் நார்க்கழிவும் கலந்த இளகிய கலவை. அது சுற்றியுள்ள தோட்டமண்ணைவிட வேகமாகக் காயும், காய்ந்துவிட்டால் நீரை உறிஞ்சாமல் பக்கவாட்டில் ஓடவிடும். ஆகவே சுற்றுமண் ஈரமாக இருக்கும்போதே செடி தாகத்தில் செத்துப்போகலாம். முதல் சில மாதங்கள் தண்டுக்கு அருகே, தாய்மண்ணின் மேலேயே மெல்லிய தாரையில் நீரை விட்டு, விரலையும் அங்கேயே நுழைத்துப் பாருங்கள்.

மூன்றாம் ஆண்டிலிருந்து நீண்ட வறட்சியில் மட்டும் கவனித்தால் போதும். ஆனால் மழையில்லாத இலையுதிர்காலம் என்றால், மண் உறையும் வரை நீர் விடுவதை நிறுத்தாதீர்கள்.

என்ன உரம் போடலாம்?

பெரும்பாலும் எதுவும் வேண்டாம். தளிர் வெளிறி, வளர்ச்சி மிகவும் சுருங்கியிருந்தால் வசந்தத் தொடக்கத்தில் மெதுவாகக் கரையும் உரத்தைப் பொட்டலத்தில் போட்டுள்ள அளவில் பாதி தூவுங்கள். கோடையின் நடுப்பகுதிக்குப் பிறகு போட்டால் முற்றாத தளிர் குளிரில் கருகும். தழைச்சத்து மிகுந்த உரம் சிலந்திப்பேனுக்கு விருந்து. பழுப்பாகும் செடிக்கு உரம் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வேர் சீர்கெட்ட நேரத்தில் உரத்தின் உப்பு அதை இன்னும் வாட்டும்.

தொட்டியில் வளர்க்கலாமா?

தாராளமாக. தாய்மண்ணைவிட 5 முதல் 10 செ.மீ. மட்டும் அகலமான தொட்டியாக இருக்கட்டும். மிகப் பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும். மரப்பட்டைத் துண்டு இரண்டு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்துகள்) ஒரு பங்கு கலந்தால் நல்ல கலவை. அடியில் கூழாங்கல் பரப்ப வேண்டாம். அது வடிகாலைக் கூட்டாது. நீர் தேங்கும் மட்டத்தைத்தான் மேலே கொண்டுவரும்.

தண்டையும் ஊசிகளையும்விட வேருக்குக் குளிர்தாங்கும் திறன் குறைவு. தரையில் பூமி வேரைக் காக்கும். தொட்டியில் நாலாபுறமும் குளிர் ஏறும். கடுங்குளிர் ஊர்களில் தொட்டியைத் தரையில் புதைத்தோ, சுவரோரத்தில் சருகு குவித்தோ காப்பாற்றுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வசந்தத்தில் வெளியே எடுத்து, சுற்றுவேரைக் கொஞ்சம் சீவி, புது மண்கலவை போட்டு வையுங்கள்.

உள்ளே கையை விட்டால் கொத்துக்கொத்தாகக் காய்ந்த ஊசிகள். நோயா?

பெரும்பாலும் இல்லை. ஊசி சில ஆண்டுகள் வாழும், பிறகு உள்பக்கத்திலிருந்து உதிரும். மற்ற மரங்களில் அது தரையில் விழுந்துவிடும்; இதன் அடர்த்தியில் சிக்கிக்கொள்கிறது. பனிக்காலம் முடியும் தறுவாயில் ஒரு காய்ந்த நாளில் கையுறை போட்டுக் கிளைகளை மெல்ல உலுக்கி, சருகைக் கீழிறக்கி அள்ளிவிடுங்கள். காற்று உள்ளே போகும், சிலந்திப்பேனுக்கு ஒளிய இடம் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்வது எந்த மருந்தையும்விடப் பயன் தரும் வேலை.

வசந்தத்தில் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் செம்பழுப்பு. ஏன்?

அது குளிர்காலக் கருகல். மண் உறைந்திருக்கும்போது வேரால் நீரை எடுக்க முடியாது. அதே நேரத்தில் பனிக்காலத்தின் பிற்பகுதி வெயிலும் காற்றும் ஊசியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வடகோளத்தில் தெற்கு, தென்மேற்குப் பக்கங்களில்தான் இது வரும். பனிக்குள் புதைந்திருந்த அடிப்பகுதி மட்டும் பச்சையாகத் தப்பியிருக்கும். அந்தக் கோடு தெளிவாகத் தெரிந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

உடனே வெட்டாதீர்கள். ஊசி கருகினாலும் நுனி மொட்டு உயிரோடு இருக்கக்கூடும். மொட்டை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே பச்சை என்றால் காத்திருங்கள், பொடியாக நொறுங்கினால் அது போய்விட்டது. தளிர்ப்பருவம் முடிந்த பிறகும் துளிராத நுனிகளை மட்டும் எடுங்கள். அடுத்த குளிருக்கு முன், வெயிலும் காற்றும் வரும் பக்கத்தில் குச்சிகள் நட்டுச் சாக்குத்துணித் திரை கட்டுங்கள். துணி செடியைத் தொடக்கூடாது, பிளாஸ்டிக் தாளும் கூடாது.

சிலந்திப்பேனை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த மரத்தின் முதல் எதிரி இதுதான். ஸ்புரூஸ் சிலந்திப்பேன் அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். மற்ற சிலந்திப்பேன்கள் கடுங்கோடையில் பெருகும். இது குளிர்ச்சியான பருவத்துப் பேன். ஊசியின் அடியிலும் பட்டையிலும் முட்டையாகக் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத் தொடக்கத்தில் பொரித்து, பல தலைமுறை பெருகும். கோடை ஏறினால் அடங்கும். இலையுதிர்காலத்தில் மறுபடி தலையெடுக்கும்.

சிக்கலே அங்கேதான். அவை சாற்றை உறிஞ்சுவது வசந்தத்தில். செடி வெண்கல நிறமாவது கோடையில். கோடையில் பதறி மருந்தடிக்கும்போது பேன் பெரும்பாலும் இருக்காது. அதைத் தின்னும் நன்மைப் பூச்சிகள்தான் சாகும்.

ஆகையால் மரம் பச்சையாக இருக்கும்போதே தேடுங்கள். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்குக் கீழே பிடித்து நான்கைந்து முறை பலமாகத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மிளகுத்தூள் போன்ற புள்ளிகள் சில மெல்ல நகரத் தொடங்கும், அவைதான். விறுவிறுவென்று ஓடுபவை பெரும்பாலும் இரைதேடும் நன்மைப் பேன்கள். விரலால் தாளோடு தேய்த்தால் சாறு உறிஞ்சும் பேன் பச்சைக் கோடு விடும். இப்படித் தட்டியதில் மெல்ல நகரும் புள்ளிகள் பத்துக்கு மேல் விழுந்தால் வேலையைத் தொடங்குங்கள். ஊசியில் வெளிர்மஞ்சள் புள்ளிகளும் கிளை இடுக்கில் தூசி ஒட்டிய மெல்லிய வலையும் தெரிந்தால் ஏற்கெனவே தாமதம்.

சரி, பேன் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் தண்ணீர். குழாயை விசையாக வைத்து, கீழிருந்து மேலாகவும் கிளைகளை விலக்கி உள்ளேயும் பீய்ச்சி அடியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். ஒருமுறை அடித்துவிட்டு நிறுத்தினால் முட்டைகளிலிருந்து அடுத்த கூட்டம் வரும்.

போதவில்லை என்றால் பூச்சிக்கொல்லி சோப்போ தோட்டக்கலை எண்ணெயோ தெளிக்கலாம். பேன் மேல் நேரடியாகப் பட்டால்தான் இரண்டும் வேலை செய்யும். இந்த ரகத்துக்கு எண்ணெய் சில சமயம் ஒத்துக்கொள்ளாது. ஒரு கிளையில் மட்டும் தெளித்து ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள். 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும், உறைபனி வரும் நாளிலும், தாகத்தில் வாடிய செடியிலும் எண்ணெய் ஆகாது. 'சாண்டர்ஸ் புளூ' போன்ற நீலச் சாயல் ரகங்களில் எண்ணெய் அந்த நீல மெழுகைக் கரைத்துப் பச்சையாக்கிவிடும்.

கார்பரில், இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளை இதற்கு அடிக்கவே அடிக்காதீர்கள். அவற்றைப் பயன்படுத்திய பின் சிலந்திப்பேன் பெருகுவதுதான் வழக்கம்.

மரம் முழுவதுமே மங்கி, பிறகு காய்கிறது. பேனும் இல்லை.

வேரைப் பாருங்கள். நீர் தேங்கி வேர் அழுகினால் பச்சை முதலில் பளபளப்பை இழக்கும், பிறகு சாம்பல் கலந்த பச்சையாகும், கடைசியில் மொத்தமாகப் பழுப்பாகும். இதே அறிகுறி தாகத்துக்கும் உண்டு. அதனால்தான் அழுகும் செடிக்கு மேலும் மேலும் நீர் விட்டுக் கொன்றுவிடுகிறார்கள். ஓரத்தில் ஒரு சாண் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். அழுகல் தொடங்கியிருந்தால், ஊசி பச்சையாக இருக்கும்போதே தூக்கி மேட்டில் நட்டால் பிழைக்கலாம். முழுவதும் பழுப்பான பிறகு வழியில்லை.

ஒரு கிளை மட்டும் தடித்த நீள ஊசிகளோடு வேகமாக ஓடுகிறது. விட்டுவிடலாமா?

விடவே கூடாது. அது தாய்மர இயல்புக்குத் திரும்பிய கிளை, சாதாரண வெள்ளை ஸ்புரூஸ். மற்ற கிளைகள் 5 செ.மீ. வளரும்போது இது 20, 30 செ.மீ. போகும். விட்டால் குட்டைப்பகுதியை நிழலில் தள்ளிவிட்டுப் பெருமரமாகிவிடும். கண்டவுடன், அது புறப்படும் இடம் வரை பின்தொடர்ந்து சென்று அடியோடு வெட்டுங்கள். நுனியை மட்டும் கிள்ளினால் பக்கக்கிளை வெடித்து இன்னும் அடர்த்தியாகும். சீக்கிரம் வெட்டினால் விழும் ஓட்டை சிறியது, ஓரிரு ஆண்டில் மூடிக்கொள்ளும்.

கவாத்து வேண்டுமா?

வடிவத்துக்காக வேண்டியதில்லை, கூம்பு தானாகவே அமையும். உயரத்தைத் தள்ளிப்போட விரும்பினால், தளிர் நீண்டு முடிந்து இன்னும் மென்மையாக இருக்கும் கோடைத் தொடக்கத்தில், புதுத்தளிரில் பாதி வரை மட்டும் சீவலாம். ஆண்டுதோறும் கொஞ்சம் என்றால் சரி. பத்து ஆண்டு விட்டுவிட்டு ஒரே நாளில் பாதியாக்க முடியாது.

மொட்டையான இடம் மறுபடி துளிர்க்குமா?

ஊசியில்லாத பழைய கட்டையிலிருந்து துளிர்க்காது. சுற்றியுள்ள பச்சைக்கிளைகள் மெல்ல வந்து மறைக்கலாம், சிறிய இடைவெளி என்றால். கையகலத்துக்கு மேல் என்றால் அந்தப் பக்கத்தைப் பின்னால் திருப்பி நடுவதோ, முன்னால் வேறு செடி வைப்பதோதான். கூம்பின் பாதிக்கு மேல் போய்விட்டால் மாற்றிவிடுங்கள்.

வீட்டுக்குள் வைக்கலாமா?

கிறிஸ்துமஸ் சமயத்தில் அலங்கரித்து விற்கப்படுவதால் உட்புறச் செடி என்று நினைக்கிறார்கள். அல்ல. உள்ளே அதிகபட்சம் ஒரு வாரம், பத்து நாள். அதற்கு மேல் வைத்தால் உறக்கம் கலைந்து மொட்டு விரியத் தொடங்கும். வெளியே கொண்டுபோனதும் உறைந்து சாகும். உள்ளே கொண்டுவருமுன் மூன்று நான்கு நாள் சூடாக்காத அறையில் வையுங்கள். வெளியே அனுப்பும்போதும் அப்படியே. அடுப்பு, ஹீட்டர் பக்கம் வேண்டாம். நடவுக்குழியை மண் உறையும் முன்பே தோண்டி, எடுத்த மண்ணை உறையாத இடத்தில் மூடி வையுங்கள்.

குச்சி நட்டுப் பெருக்க முடியுமா?

முடியும், பொறுமை இருந்தால். விதை உதவாது, இந்த ரகம் காய்ப்பது அபூர்வம், காய்த்தாலும் கன்று தாயைப் போல வராது. கோடைக் கடைசியிலிருந்து குளிர்காலம் வரை, அவ்வாண்டு வளர்ந்து முற்றிய நுனியை 5 முதல் 8 செ.மீ. நீளத்தில், அடியில் சிறு பட்டைத்துணுக்கோடு கிழித்தெடுங்கள். கீழ்ப்பாதி ஊசிகளை நீக்கி, வேர்விடும் ஊக்கித்தூளில் தொட்டு, மணலும் பெர்லைட்டும் கலந்த தட்டில் ஊன்றுங்கள். அடிச்சூடு 20 டிகிரி அளவில், மேலே குளிர்ச்சியும் ஈரப்பதமுமாக இருக்கட்டும். வேர்விடப் பல மாதங்கள் ஆகும். பச்சையாக இருக்கிறது என்பதற்காக வேர்விட்டதாக எண்ணி இழுத்துப் பார்க்காதீர்கள். குச்சி வேரில்லாமலே நெடுநாள் பச்சையாக நிற்கும். நுனியில் புதுத்தளிர் தெரிந்து, மெல்ல அசைத்தால் பிடிப்பும் இருந்தால் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள்.